களத்தில் வென்றவர்கள், வாசலில் தடுக்கப்பட்டவர்கள்: ஸ்காட்லாந்து கால்பந்தின் தர உயர்வு விதிகள்

2003ஆம் ஆண்டு மே மாதம், ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஃபால்கர்க் நகரின் கால்பந்துக் கழகம் இரண்டாம் நிலைத் தொடரான முதல் டிவிஷனில் முதலிடம் பெற்றது. விதிப்படி அது மேல்நிலைத் தொடரான ஸ்காட்டிஷ் பிரீமியர் லீகுக்கு உயர்ந்திருக்க வேண்டும். மேல்நிலையில் கடைசி இடம் பிடித்த மதர்வெல் கீழே இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஃபால்கர்க் இருந்த இடத்திலேயே இருந்தது. மதர்வெல்லும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபால்கர்க்கின் பிராக்வில் மைதானத்தில் 10,000 இருக்கைகள் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

1885 முதல் அந்தக் கழகம் ஆடிவந்த மைதானம் பிராக்வில். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே, ரசிகர்கள் நின்றுகொண்டு ஆட்டம் பார்த்த பழைய மைதானம். புதிய அரங்கம் கட்டும் திட்டம் கழகத்திடம் இருந்தது. அது முடியும்வரை ஏர்ட்ரி நகரில் உள்ள 10,000 இருக்கை அரங்கத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கழகம் கேட்டது. அந்த வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. பிராக்வில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் எழுந்தது.

ஃபால்கர்க்குக்கு இது முதல் அடியும் அல்ல. 2000ஆம் ஆண்டில் பிரீமியர் லீக் 10 கழகங்களிலிருந்து 12 கழகங்களாக விரிவடைந்தபோது, மேல்நிலையில் கடைசி இடம் பெற்ற அபர்டீனும், முதல் டிவிஷனில் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற டன்ஃபெர்ம்லினும் ஃபால்கர்க்கும் தங்களுக்குள் ஆடி இரண்டு இடங்களைத் தீர்மானிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபால்கர்க்கின் மைதானம் தகுதி பெறாததால் அந்த ஆட்டங்களே நடைபெறவில்லை. அபர்டீன் ஒரு பந்தையும் உதைக்காமல் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

தொலைதூர நாடொன்றின் விளையாட்டுச் செய்திக்கு ஒரு தொழிலாளர் கட்சியின் ஏட்டில் இடம் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கே கால்பந்தையும் தாண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. உள்ளே இருப்பவர்களே வாசலுக்கான விதியை எழுதி, உள்ளே இருப்பவர்களே அதைச் சரிபார்த்து, வெளியே நிற்பவனிடம் ‘உனக்குத் தகுதி இல்லை’ என்று சொல்லும் ஏற்பாட்டை நாம் நிலச் சட்டத்தில் பார்த்திருக்கிறோம். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம். கல்விக்கூட வாசலில் பார்த்திருக்கிறோம். ஸ்காட்லாந்தில் அது புல்தரையின் மீது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடந்தது.

விதியை எழுதியவர்கள் யார்?

ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக் 1998இல் உருவானது. அதுவரை எல்லா நிலைகளையும் நடத்திவந்த ஸ்காட்டிஷ் கால்பந்து லீகிலிருந்து மேல்நிலைக் கழகங்கள் பிரிந்துசென்று தனியாக ஒரு நிறுவனத்தை அமைத்தன. தொலைக்காட்சி உரிமத்திலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் வரும் வருவாயைக் கீழ்நிலைக் கழகங்களோடு பகிர்ந்துகொள்ளும் கட்டாயத்திலிருந்து விடுபடுவதே அதன் முதன்மை நோக்கம். இங்கிலாந்தில் 1992இல் நடந்ததன் மறுபதிப்பு அது. உறுப்பினர் கழகங்களே அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள். எனவே உள்ளே வரத் தகுதியானவர் யார் என்பதை வரையறுக்கும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது.

உள்ளே இருந்தவர்களிடையேயும் சமத்துவம் இல்லை. வருவாய்ப் பங்கீடு போன்ற முக்கிய முடிவுகளை மாற்ற 12 வாக்குகளில் 11 வேண்டும் என்று விதி இருந்தது. கிளாஸ்கோவின் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் இரு பெரும் கழகங்கள் சேர்ந்து கைதூக்கினால் மற்ற பத்துக் கழகங்களின் விருப்பம் செல்லாது. 1985இல் அபர்டீன் பட்டம் வென்ற பிறகு 2025 வரையிலான நாற்பது ஆண்டுகளில் இந்த இரண்டைத் தவிர வேறு எந்தக் கழகமும் மேல்நிலைப் பட்டத்தை வெல்லவில்லை. செல்வம் குவியும் இடத்தில் வெற்றியும் குவிகிறது. வெற்றி மேலும் செல்வத்தைக் கொண்டுவருகிறது.

இத்தகைய அமைப்பு 10,000 இருக்கைகள் என்ற எண்ணை வாசலில் எழுதிவைத்தது. செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆகிய இரண்டுக்கும் பல்லாயிரக்கணக்கில் ரசிகர்கள் திரள்வது உண்மை. எடின்பரோவின் இரு கழகங்களையும் அபர்டீனையும் விட்டுவிட்டால், மற்ற மேல்நிலைக் கழகங்களின் வழக்கமான ஆட்டங்களில் சில ஆயிரம் பேர்தான் அமர்ந்திருப்பார்கள். பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் இருக்கைகளைக் கட்டச் சொல்லி ஒரு சிறுநகரக் கழகத்தைக் கட்டாயப்படுத்துவதில் விளையாட்டுக்கு என்ன பயன் இருக்கிறது? தொலைக்காட்சியில் ‘பெரிய லீக்’ போலத் தோன்ற வேண்டும் என்ற வணிக ஆசைக்கு அது பயன்பட்டது. கீழே இறங்கும் அபாயத்தில் இருந்தவர்களுக்கு அதைவிட அதிகமாகப் பயன்பட்டது.

இரண்டு தொழிலாளர் நகரங்கள்

இந்தக் கதையில் மதர்வெல்லை வில்லனாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அது தவறு. மதர்வெல் உருக்கு நகரம். அங்கே ராவன்ஸ்கிரேக் உருக்காலை 1992இல் மூடப்பட்டபோது ஒரு தலைமுறையின் வேலைவாய்ப்பே அழிந்தது. அந்நகரின் கழகம் 2002இல் கடன் சுமை தாங்காமல் திவால் நிர்வாகத்தின் கீழ் சென்றது. வீரர்கள் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அந்த நிலையில் தர இறக்கம் வந்திருந்தால் கழகமே மறைந்திருக்கக்கூடும். ஃபால்கர்க்கும் இரும்பின் நகரம்தான். 1759இல் தொடங்கிய கேரன் இரும்பாலையின் பக்கத்தில் வளர்ந்து, வார்ப்பாலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்த நகரம்.

ஆக, உருக்குத் தொழிலாளியின் பேரன் இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் பேரனின் தோல்விக்காக வேண்டிக்கொள்ளும் நிலையை அந்த விதி உருவாக்கியது. மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் இடையிலான வருவாய் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளதைப் போல் இருப்பதால், ஓர் ஆண்டு கீழே இறங்குவதே மரண தண்டனையாகிவிடுகிறது. மரண பயத்தில் இருப்பவனிடம் நியாயத்தை எதிர்பார்க்க முடியாது. குற்றத்தை மதர்வெல் ரசிகர்களிடம் தேடாமல், அந்த இடைவெளியைத் திட்டமிட்டு உருவாக்கியவர்களிடம் தேட வேண்டும்.

வளைந்துகொடுத்த எண்

அடுத்த ஆண்டே விதி மீண்டும் சோதனைக்கு உள்ளானது. 2003–04இல் முதல் டிவிஷனை வென்றது வடக்கு மலைநாட்டின் இன்வர்னஸ் கலடோனியன் திசில். அதன் மைதானத்திலும் 10,000 இருக்கைகள் இல்லை. மேல்நிலைக்கு வர வேண்டுமானால் சுமார் 100 மைல் தொலைவிலுள்ள அபர்டீனின் பிட்டோட்ரி அரங்கில் ‘உள்ளூர்’ ஆட்டங்களை ஆட வேண்டும் என்ற நிலை. விவகாரம் உறுப்பினர் கழகங்களின் வாக்கெடுப்புக்குச் சென்றது. மேல்நிலையில் கடைசி இடம் பெற்ற கிளாஸ்கோவின் பார்ட்டிக் திசில் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. இழுபறிக்குப் பிறகு இன்வர்னஸ் அனுமதிக்கப்பட்டது.

முதல் அரை ஆண்டு முழுவதும் இன்வர்னஸ் ரசிகர்கள் தங்கள் அணியின் ‘உள்ளூர்’ ஆட்டத்தைப் பார்க்க, போக 100 மைலும் திரும்ப 100 மைலும் பயணம் செய்தார்கள். வாரநாளில் ஆட்டம் இருந்தால் மறுநாள் வேலைக்குச் செல்பவரின் நிலை என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் 10,000 என்ற எண் 6,000 ஆகக் குறைக்கப்பட்டது. 2005 ஜனவரியில் இன்வர்னஸ் தன் ஊருக்குத் திரும்பியது.

பாதுகாப்புக்கும் தரத்துக்கும் இன்றியமையாதது என்று சொல்லப்பட்ட எண், இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதனால் கூரை இடிந்து விழவில்லை. ஆட்டத்தின் தரமும் தாழவில்லை. 2004இல் திறக்கப்பட்ட ஃபால்கர்க்கின் புதிய அரங்கில் இன்றும் 8,000 இருக்கைகள்கூட இல்லை. ஆனாலும் 2005இல் மீண்டும் முதல் டிவிஷனை வென்று அந்தக் கழகம் மேல்நிலைக்குச் சென்றது. அப்படியானால் 2003இல் தடுக்கப்பட்டது எந்த நியாயத்தின் பேரில்? இழந்த அந்த ஓராண்டின் வருவாயையும் கலைந்துபோன அணியையும் யார் திருப்பித் தந்தார்கள்? விதி மாறியது, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை.

பாதுகாப்பு என்னும் வாதம்

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானதை நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மைதான விதிகள் வெறும் ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 66 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த பேரழிவு 97 உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பழைய மைதானங்களைப் பழுதுபார்க்காமல் வைத்திருந்த உரிமையாளர்களின் அலட்சியத்துக்கு ரசிகர்கள் விலை கொடுத்தார்கள். பாதுகாப்பு விதி என்பது போராடிப் பெற்ற உரிமை. அதைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை.

ஆனால் பாதுகாப்பு வேறு, இருக்கை எண்ணிக்கை வேறு. ஐப்ராக்ஸ் பேரழிவுக்குப் பிறகு அமைக்கப்பட்ட வீட்லி விசாரணையின் விளைவாக 1975இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய மைதானங்களில் எத்தனை பேரைப் பாதுகாப்பாக அனுமதிக்கலாம் என்பதை உள்ளாட்சி அமைப்பு சான்றிதழ் மூலம் வரையறுக்கிறது. 5,000 பேருக்குச் சான்றிதழ் பெற்ற மைதானம் 5,000 பேருக்குப் பாதுகாப்பானது. அதில் மேலும் 5,000 இருக்கைகளைச் சேர்ப்பதால் முதல் 5,000 பேரின் உயிர் கூடுதலாகப் பாதுகாக்கப்படுவதில்லை. எல்லோரும் அமர்ந்தே பார்க்க வேண்டும் என்பதைக் கூடப் பாதுகாப்பு விதி எனலாம். பத்தாயிரம் பேர் அமரும்படி கட்டியிருக்க வேண்டும் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. இறந்தவர்களின் பெயரால் வணிகத்துக்கு வேலி கட்டுவது, இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்த விதியின் மற்றொரு தூணும் இன்று ஆட்டம் கண்டுவிட்டது. பாதுகாப்பாக நின்று பார்ப்பதற்கான தடுப்புகள் அமைந்த பகுதியை 2016இல் செல்டிக் கழகமே தன் அரங்கில் திறந்தது.

கட்டியவர்களுக்கு நேர்ந்தது

தகுதி வேண்டுமானால் கடன் வாங்கியாவது கட்டட்டும் என்று சொல்பவர்கள் ஏர்ட்ரியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். ஏர்ட்ரியோனியன்ஸ் கழகத்தின் பழைய மைதானம் 1994இல் சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் வேறொரு நகரில் ஆடிய பிறகு 1998இல் 10,000 இருக்கைகளோடு புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அதன்பின் மேல்நிலைக்கு அந்தக் கழகம் போய்ச் சேரவில்லை. 2002இல், முதல் டிவிஷனில் இரண்டாம் இடம் பெற்ற அதே பருவத்தின் முடிவில், கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. கடனுக்கு அரங்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; நிர்வாகத் தவறுகளும் உண்டு. ஆனால் விதி கேட்டதைக் கட்டிவைத்தும் கழகம் பிழைக்கவில்லை. ஃபால்கர்க் 2003இல் பகிர்ந்துகொள்ள விரும்பியது இந்த அரங்கத்தைத்தான்.

கிரெட்னாவின் கதை இதைவிடக் கொடியது. இங்கிலாந்து எல்லையோரத்தில் ஏறத்தாழ 3,000 பேர் வாழும் சிற்றூர் அது. புரூக்ஸ் மைல்சன் என்னும் செல்வந்தரின் பணத்தில் 2005, 2006, 2007 என மூன்று ஆண்டுகளில் மூன்று படிகள் ஏறியது; 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹார்ட்ஸ் அணியிடம் பெனால்டி உதைகளில்தான் தோற்றது. மேல்நிலைக்கு வந்தபோது சொந்த மைதானம் தகுதி பெறாததால், எழுபது மைலுக்கு மேல் தொலைவிலுள்ள மதர்வெல் மைதானத்தில் ஆட வேண்டியதாயிற்று. ஊர் மக்களால் அங்கே போய்வர முடியவில்லை. ஒருமுறை ஓர் ஆட்டத்துக்கு 500 பேர்கூட வரவில்லை. மைல்சன் நோயுற்றதும் பணம் நின்றது. 2008இல் கழகம் திவாலாகிக் கலைக்கப்பட்டது.

கிரெட்னாவிடமிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒரு கழகத்தை அதன் ஊரிலிருந்து பிடுங்கி வேறிடத்தில் நட்டால் அது வாடிவிடும் என்பது முதல் பாடம். தனி முதலாளி ஒருவரின் தயவில் எழுந்த கழகம் அவரோடே விழுந்துவிடும் என்பது இரண்டாவது. நிதி ஒழுங்குக்கு விதி தேவைதான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இருக்கைகளை எண்ணிய அதிகாரிகள், கழகத்தின் வருவாய் ஒரே மனிதரின் சட்டைப் பையிலிருந்து வருகிறதே என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. அந்தச் சிற்றூரின் ஆதரவாளர்கள் மீண்டும் ஒரு கழகத்தை அமைத்து, பழைய மைதானத்திலேயே கீழ்நிலைத் தொடரில் ஆடிவருகிறார்கள் என்பதே இந்தக் கதையின் ஆறுதல்.

கீழ்வாசலின் பூட்டு

மேல்வாசலை மட்டும் பார்த்தால் போதாது. ஸ்காட்லாந்தின் தேசிய அளவிலான நான்கு நிலைகளில் மொத்தம் 42 கழகங்கள். நெடுங்காலம், இவற்றின் கடைசி நிலையிலிருந்து யாரும் வெளியேற்றப்பட்டதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கடைசி இடம் பிடித்தாலும் உறுப்பினர் உறுப்பினரே. புதியவர் உள்ளே வரவேண்டுமானால் ஓர் இடம் காலியாகவோ புதிதாக உருவாகவோ வேண்டும், பிறகு உள்ளிருப்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1994இல் இன்வர்னஸும் ராஸ் கவுண்டியும், 2002இல் கிரெட்னாவும், 2008இல் அன்னான் அத்லெட்டிக்கும் வந்தது இப்படித்தான்.

2014–15 முதல்தான் கீழிருந்து மேலே வர ஓர் ஏணி வைக்கப்பட்டது. 1893இல் தொடங்கிய ஹைலாண்ட் லீகின் வெற்றியாளரும் 2013இல் தொடங்கிய லோலாண்ட் லீகின் வெற்றியாளரும் முதலில் தங்களுக்குள் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். அதில் வென்றவர் நான்காம் நிலையின் கடைசி அணியோடு மேலும் இரண்டு ஆட்டங்கள் ஆடி வெல்ல வேண்டும். பருவம் முழுக்க வென்று பட்டம் பெற்றவர் மீண்டும் இருமுறை தன்னை நிரூபிக்க வேண்டும். பருவம் முழுக்கத் தோற்றவருக்குத் தப்பிக்க மேலும் ஒரு வாய்ப்பு. அப்படியிருந்தும் 2025 வரை நடந்த 10 பிளே-ஆஃப் மோதல்களில் 6 முறை கீழிருந்து வந்தவரே வென்றார்கள். எடின்பரோ சிட்டி, கோவ் ரேஞ்சர்ஸ், கெல்டி ஹார்ட்ஸ், பொன்னிரிக் ரோஸ், ஸ்பார்ட்டன்ஸ், ஈஸ்ட் கில்பிரைட் ஆகிய ஆறும் அவை. இத்தனை ஆண்டுகளாக வாசலைச் சாத்தி வைத்ததற்குத் ‘தரம்’ காரணமாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

உச்சியிலும் இதே சாய்வுதான். மேல்நிலையில் கடைசி அணி மட்டுமே நேரடியாக இறங்குகிறது. கடைசிக்கு முந்தைய அணி பிளே-ஆஃபில் இரண்டே ஆட்டங்கள் ஆடித் தப்பலாம். இரண்டாம் நிலையில் மூன்றாம் அல்லது நான்காம் இடம் பெற்ற அணி மேலே வரவேண்டுமானால் ஆறு ஆட்டங்கள் ஆட வேண்டும். 2014 முதல் 2025 வரை நடந்த 11 இறுதி மோதல்களில் கீழ்நிலை அணி வென்றது நான்கே முறை.

பெருந்தொற்றின்போது நடந்தது இந்த அமைப்பின் உண்மை முகத்தைக் காட்டியது. 2020 வசந்தத்தில் போட்டிகள் நின்றபோது, அதுவரையிலான புள்ளிகளைக் கொண்டே பருவத்தை முடிப்பதாக வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்பட்டது. எட்டு ஆட்டங்கள் மீதமிருக்க, நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்த ஹார்ட்ஸ் கீழே இறக்கப்பட்டது. ஓர் ஆட்டம் கூடுதலாகக் கையிலிருக்க, இரண்டே புள்ளிகள் பின்தங்கியிருந்த பார்ட்டிக் திசிலும் இறக்கப்பட்டது. ஆனால் நான்காம் நிலையின் கடைசி அணியான பிரீக்கின் சிட்டி இறக்கப்படவில்லை. லோலாண்ட் லீகின் வெற்றியாளர் கெல்டி ஹார்ட்ஸுக்கும் ஹைலாண்ட் லீகின் வெற்றியாளர் பிரோரா ரேஞ்சர்ஸுக்கும் பிளே-ஆஃப் ஆடும் வாய்ப்பே மறுக்கப்பட்டது. ஆடாமலேயே இறக்கலாம் என்ற விதி உள்ளே இருப்பவர்களுக்கிடையே செல்லுபடியானது. ஆடாமலேயே ஏற்றலாம் என்ற விதி வெளியே நிற்பவர்களுக்குச் செல்லுபடியாகவில்லை. மறு ஆண்டு கெல்டி, முதலில் பிரோராவையும் பிறகு அதே பிரீக்கினையும் களத்தில் வென்று உள்ளே நுழைந்தது.

கெல்டி ஃபைஃப் நிலக்கரிப் பகுதியின் ஊர். இந்தப் பகுதியின் மேற்கு ஃபைஃப் தொகுதிதான் 1935 முதல் 1950 வரை வில்லி கலாகரைக் கம்யூனிஸ்ட் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, சங்கக் கட்டடங்கள் பல காணாமல்போயின. இத்தகைய ஊர்களில் மக்கள் ஒன்றுகூடும் இடமாகக் கால்பந்துக் கழகமே எஞ்சியிருக்கிறது. ஜாக் ஸ்டீன், பில் ஷாங்க்லி, மாட் பஸ்பி ஆகிய மாபெரும் பயிற்சியாளர்கள் மூவரும் சுரங்கத் தொழிலாளர் சமூகத்திலிருந்து வந்தவர்களே. அந்த ஊர்களின் கழகங்களுக்கு ஏணியை மறுப்பது, எஞ்சியிருக்கும் அந்த ஒன்றையும் மறுப்பதாகும்.

புதிய வேலிகள்

பழைய வேலி தாழ்ந்த இடத்தில் புதிய வேலிகள் முளைக்கின்றன. தேசிய நிலைக்கு வர ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் வெண்கல நிலை உரிமம் தேவை. மேல்நிலைக்குத் தரைக்கடியில் வெப்பமூட்டும் குழாய்கள் தேவை. 2024இல் மேல்நிலைக் கழகங்கள் கூடி, 2026–27 பருவம் முதல் மேல்நிலையில் செயற்கைப் புல்தரை கூடாது என்று தீர்மானித்தன. இயற்கைப் புல்லில் ஆட்டம் சிறக்கும், வீரர்களின் உடலுக்கும் நல்லது என்ற வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் சிறு கழகங்கள் செயற்கைத் தரையை விரித்தது பகட்டுக்காக அல்ல. குளிரிலும் மழையிலும் ஆட்டம் நிற்காமல் நடக்க வேண்டும், மற்ற நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் அதில் ஆட வேண்டும், வாடகையில் கழகம் பிழைக்க வேண்டும் என்பதே காரணம். அந்த வருவாய்க்கு மாற்று என்ன என்பதை விதி சொல்வதில்லை.

பொன்னிரிக் ரோஸுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். மிட்லோதியன் சுரங்கப் பகுதியின் இந்தக் கழகத்துக்கு, ஆடுகளத்தின் சரிவு அனுமதித்த அளவைவிட அதிகம் என்பதற்காக 2024–25 பருவத்தில் ஆறு புள்ளிகள் பறிக்கப்பட்டன. தலைமுறைகளாக இரு அணிகளும் பாதி நேரம் மேட்டை நோக்கியும் பாதி நேரம் பள்ளத்தை நோக்கியும் ஆடிய களம் அது. சரிவு இரு தரப்புக்கும் சமம். தண்டனை ஒரு தரப்புக்கு மட்டும். அந்தப் பருவத்தின் முடிவில் பொன்னிரிக் கடைசி இடம் பெற்று, ஈஸ்ட் கில்பிரைட்டிடம் தோற்றுக் கீழே இறங்கியது.

இதற்கிடையே செல்டிக், ரேஞ்சர்ஸ், பின்னர் ஹார்ட்ஸ் ஆகியவற்றின் இளையோர் அணிகள் லோலாண்ட் லீகில் பணம் செலுத்தி இடம்பெற்றன. அந்த அணிகளுக்காக நான்காம் நிலைக்கும் இதற்கும் நடுவே புதிதாக ஒரு நிலையையே நுழைக்கும் திட்டமும் வந்தது; கீழ்நிலைக் கழகங்களும் ரசிகர்களும் எதிர்த்ததால் 2023இல் கைவிடப்பட்டது. சிறியவர்கள் ஏறும்போது சரிவை அளக்கும் கோல், பெரியவர்கள் இறங்கிவரும்போது எங்கோ வைத்து மறக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் இதன் நிழல்

இந்திய வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், கட்டணம் செலுத்திய நிறுவனங்களின் மூடிய மன்றமாகவே பல ஆண்டுகள் இருந்தது. 2016–17இல் மிசோரத்தின் ஐசால் அணி, பெரும் பணம் படைத்த கழகங்களைத் தாண்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஆனாலும் அந்த மன்றத்தின் கதவு திறக்கவில்லை. 2018–19இல் கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி வென்றபோதும் அதுவே நிலை. ஐ-லீக் வெற்றியாளருக்கு வழி திறந்தது 2022–23 பருவத்திலிருந்துதான். ஸ்காட்லாந்தில் வாசலில் இருக்கைகளை எண்ணினார்கள். இங்கே வாசலில் நேராகப் பணத்தையே எண்ணினார்கள்.

நியாயமான விதி எப்படி இருக்கும்?

குறை சொல்வதோடு நிற்பது நம் வழக்கமல்ல. முதலாவதாக, தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் போட்டியாளர்களின் கையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இறங்கும் அபாயத்தில் இருப்பவர், ஏறவரும் ஒருவரின் தகுதி குறித்து வாக்களிப்பது எந்த நீதிக்கும் பொருந்தாது. ரசிகர்கள், வீரர்களின் சங்கம், உள்ளாட்சி ஆகியோரின் பிரதிநிதிகள் அடங்கிய சுயேச்சையான அமைப்பு அதைச் செய்யட்டும். இரண்டாவதாக, பாதுகாப்பு விதிகளில் சமரசம் கூடாது. மற்ற எல்லா விதிகளுக்கும், வென்றவர் முதலில் ஏறட்டும், பிறகு சில ஆண்டுகளில் நிறைவேற்றட்டும் என்ற அவகாசம் வேண்டும். மூன்றாவதாக, விதியை விதிப்பவர் அதற்கான நிதியையும் தர வேண்டும். மேல்நிலையின் தொலைக்காட்சி வருவாயில் ஒரு பங்கு மைதான நிதியாக ஒதுக்கப்படலாம். நான்காவதாக, கீழ்நிலைத் தொடர்களில் பட்டம் வென்றவருக்கு நேரடி ஏற்றம் வேண்டும். ஐந்தாவதாக, நிலைகளுக்கிடையிலான வருவாய் இடைவெளி குறைக்கப்பட வேண்டும். இறங்குவது மரணம் இல்லை என்றானால், ஏறவருபவனைத் தள்ளிவிடும் வெறியும் தணியும்.

இது நடக்காத கனவு என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012இல் ரேஞ்சர்ஸ் நிறுவனம் வரி பாக்கி உள்ளிட்ட கடன்களில் மூழ்கிக் கலைக்கப்பட்டபோது, அதன் வாரிசு நிறுவனத்தை மேல்நிலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வருவாய் போய்விடும் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் அச்சுறுத்தினார்கள். மற்றக் கழகங்களின் ரசிகர்கள் ஒரே குரலில் எதிர்த்தார்கள். பருவச் சீட்டு வாங்க மாட்டோம் என்றார்கள். மேல்நிலைக் கழகங்கள் 10க்கு 1 என்ற வாக்கில் மறுத்தன. கீழ்நிலைக் கழகங்கள் 30இல் 25, அதை நான்காம் நிலையிலிருந்து தொடங்கச் சொல்லின. பணத்தின் பெயரால் விதியை வளைக்க முடியாமல் போன அந்த ஒரு கோடைக்காலத்துக்குக் காரணம், அரங்கங்களில் அமர்ந்த சாதாரண மக்கள். அதற்குப் பிறகு மதர்வெல் கழகத்தின் பெரும்பான்மைப் பங்குகள் அதன் ரசிகர்களின் அமைப்பிடம் வந்துள்ளன. ஹார்ட்ஸ், செயின்ட் மிர்ரன் ஆகியவையும் அவ்வழியில் சென்றுள்ளன. கழகம் மக்களின் கையில் இருந்தால், விதியும் ஒருநாள் அவர்கள் கையில் வரும்.

2015இல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோதிய இரு அணிகள் ஃபால்கர்க்கும் இன்வர்னஸும். இருக்கைகள் போதவில்லை என்று ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட அதே இரு அணிகள். இன்வர்னஸ் 2–1 என வென்றது. பத்தாண்டுகள் கழித்து, 2025இல், இரண்டாம் நிலைப் பட்டத்தை வென்று ஃபால்கர்க் மீண்டும் மேல்நிலைக்கு ஏறியது. இம்முறை வாசலில் யாரும் தடுக்கவில்லை. 2003இல் பிராக்வில் மைதானத்தில் நின்று மகிழ்ந்து, சில நாட்களில் தலைகுனிந்து வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் அதைக் காண உயிரோடு இருந்தார்கள் என்பதை எந்தப் புள்ளிப்பட்டியலும் சொல்லாது. அவர்களுக்கு மறுக்கப்பட்ட அந்த ஒரு பருவத்துக்காகவாவது, வாசலின் சாவி போட்டியாளர்களின் கையில் இருக்கக் கூடாது.